நான் கொடுத்த நற்சான்றிதழ்

என் மகளின் அமெரிக்கப் பயணத்தைக் கெடுத்தவன் நான்தான். அதையும் ஆங்கிலத்தில், ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாமல் கெடுத்தேன். (மன்னாரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்?)

இத்தாலியின் பலெர்மோ நகரில், கபோ சந்தைக்குப் பின்னால் எங்கள் வீடு. மகள் மெலனி இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கோடை விடுமுறையில் அமெரிக்கா போய், அந்த நாட்டுப் பண்பாட்டையும் அங்கே பலவகை மக்கள் கலந்து வாழும் விதத்தையும் படிக்கும் ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். செலவு முழுக்க அவர்களுடையது. கடைசியாக மிஞ்சியிருந்தது கணினி வழி நேர்காணல்.

எங்கள் கணினி பழுது. கீழ்வீட்டு அபெனா தன்னுடையதைக் கொண்டுவந்தாள். மெலனியின் முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்று மேசை விளக்கையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கானா நாட்டுப் பிள்ளை; மெலனிக்குச் சின்ன வயதுத் தோழி. அவளோடு திரியாதே என்று நான் சொன்னதை மகள் ஒருநாளும் கேட்டதில்லை.

“அப்பா, நேர்காணல் முடியுமட்டும் குசினியை விட்டு வெளியில வரக்கூடாது. ஓம் எண்டு சொல்லுங்கோ.”

“ஓம், ஓம். எனக்கென்ன விசரே, அங்கை வாறதுக்கு?”

வந்தேன். பிள்ளையைப் பார்க்கத் திரையில் மூன்று பேர் வந்திருக்கும்போது தகப்பன் ஒளிந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? ஈஸ்டருக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, மனைவி பொரித்த பற்றீஸைத் தட்டோடு கணினியின் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

திரையில் இருந்த அம்மையார் சிரித்துவிட்டார். “உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்றார்.

எங்கள் ஆட்களின் கல்யாணப் பேச்சுகளில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான்.

“மிக அடக்கமான பிள்ளை. தேவாலயம், படிப்பு, வீடு. வேறு ஆட்களோடு கலக்கவே மாட்டாள். இந்தக் கட்டடத்தில் ஆப்பிரிக்கர்கள், வங்காளிகள் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.”

(மாப்பிள்ளை வீட்டாராக இருந்தால் அன்றைக்கே நாள் குறித்திருப்பார்கள்.)

அம்மையாரின் சிரிப்பு நின்றது. மகளின் முகத்திலிருந்த வெளிச்சம் நழுவிச் சுவருக்குப் போனது. அபெனாவின் வீட்டில் பேசுவதே ஆங்கிலம். விளக்கை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, கணினியைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள்.

“அப்பா, பஸ்தா! போதும், போங்கோ!” என்று இத்தாலியனும் தமிழும் கலந்து கத்தினாள் மெலனி. அவள் என்னிடம் முதன்முதலாகக் கத்தியது அன்றுதான்.

இடம் கிடைக்கவில்லை. நான் சொன்னது பொய், என் மகள் அப்படிப்பட்டவள் அல்ல என்று அவர்களுக்கு எழுதினேன். மரியாதையான பதில் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

பிறகு கீழ்வீட்டுக்குப் போனேன். அபெனாவின் தாய் வீட்டிலேயே தலை பின்னிவிடுபவர். ஒரு பெண்ணுக்குப் பின்னிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கை நிற்கவில்லை.

“இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்? விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது நானா?”

அபெனாவைக் கூப்பிட்டார். பின்னலுக்குத் தலையைக் கொடுத்திருந்த அந்நியப் பெண்ணும் கேட்டிருக்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அபெனா கைகட்டிக்கொண்டு கேட்டாள்.

“அடுத்த வருடம் மெலனி எங்கள் வீட்டிலிருந்து பேசட்டும்” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

அப்படியே நடந்தது. நான் வெளியே படியில் இருந்தேன். மனைவி என் சட்டையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள். மெலனிக்கு இடம் கிடைத்தது, போயும் வந்துவிட்டாள்.

இப்போதும் வீட்டில் யாராவது திரையில் முகம் பார்த்துக் கதைத்தால், “இஞ்சாருங்கோ, மாப்பிள்ளை வீட்டார் என்னவாம்?” என்று மனைவி தொடங்கிவிடுவாள். வருகிறவர்களுக்கெல்லாம் முழுக் கதையும் நடக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அபெனா என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள். எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கீழே அவர்களின் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், கதையைப் பாதியில் நிறுத்திவிடுவோம்.