குறைகேள் அதிகாரியின் கூர்ந்த காது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு அதை உருப்படியாகப் பயன்படுத்தியது ஒரே ஒரு தடவைதான்: குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் குறைகேள் அதிகாரி தம் வீட்டு அடுப்பில் காப்பிக்கொட்டை வறுக்கத் தொடங்கியபோது. இதை ஏற்க மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கடையில் பொட்டலம் வாங்கிக் காப்பி குடிக்கிறவர்கள். அவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

அதிகாரியின் காதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்தாலும் அது தண்ணீர்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள், எல்லோரும் அவர் மேஜைக்கு முன்னால்தான் வந்து உட்காருவார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் "ம்ம்" என்பார். கடைசியில் கண்ணைத் திறந்து, "புரியுது. பரிசீலிக்கலாம்" என்பார். வந்தவர் மனம் குளிர்ந்து எழுந்து போவார். ஒரே குழாய்க்காக வருடக்கணக்கில் நடையாய் நடக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர்கூட, "தண்ணி வரலேன்னா என்னங்க? என்னமா காது கொடுத்துக் கேட்கிறாரு மனுஷன்!" என்று வராந்தாவில் நின்று சொல்வார்.

இப்பேர்ப்பட்ட காதை அலுவலகத்துக்குள் முடக்கிப் போடலாமா? ஒரு நாள் ஏதோ வீடியோவில், வறுத்து ஒரு வாரமான காப்பிக்கொட்டை செத்த கொட்டை என்று தாடிக்காரர் ஒருவர் சொல்லக் கேட்டார். அன்றே கடைக் காப்பியைத் தலை முழுகினார். வறுக்கும் இயந்திரம் வாங்கியிருக்கலாம். ஆனால் அதில் அறிவுக்கு வேலையில்லை. ஆகவே பரண் மேல் கிடந்த பழைய குக்கர் "வறுகலன்" என்ற பதவிக்கு உயர்த்தப்பட்டது. அதன் மூடியில் ஓட்டை போட்டு, முட்டை அடிக்கும் கம்பியைச் செருகி, கம்பியின் மறுமுனையைச் சுவரில் துளை போடும் மெஷினில் மாட்டினார். அது "கிளறி". காய்கறி கழுவும் சல்லடைக் கூடையும் கல்லூரியில் படிக்கும் மகளின் ஹேர் டிரையரும் சேர்ந்து "குளிர்விப்புப் பிரிவு".

"அப்பா, அது என் தலைமுடிக்கு வாங்கினது."

"தலைமுடி தானா காயும். கொட்டை தானா ஆறுமா? யோசிச்சுப் பேசு."

குளிர்விப்புப் பிரிவு இயங்கத் தொடங்கியதும் கொட்டையின் மெல்லிய தோல் வீடெங்கும் பறந்து, தலையணையிலும் துவைத்த துணியிலும் உட்கார்ந்தது. அதிகாரி அதை "நறுமணத் துகள்" என்றார். தினமும் கூட்டிப் பெருக்கிய மனைவி அதைக் குப்பை என்றார். கருத்து வேறுபாடு நல்ல நிர்வாகத்துக்கு அழகு.

இந்தக் கலைக்கு உயிர்நாடி ஒரு சத்தம். பச்சைக் கொட்டை சூடேறி மஞ்சளாகும், பழுப்பாகும், பிறகு சுள்ளி முறிகிற மாதிரி "டிக்" என்று வெடிக்கும். இதற்கு "முதல் வெடிப்பு" என்று பெயர். அதைக் கேட்டு இறக்கினால் அமுதம், கோட்டைவிட்டால் கரி. அதிகாரி இதற்கென்று ஒரு கொள்கை வகுத்திருந்தார்: மூக்கை நம்பாதே, கண்ணை நம்பாதே, காதை நம்பு. புகை மண்டினாலும் சரி, சத்தம் கேட்காமல் அடுப்பை அணைக்கக் கூடாது.

ஆகவே வறுக்கும் நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது. டிவி கூடாது, மிக்ஸி கூடாது. துளை போடும் மெஷின் மட்டும் பேசலாம். அலுவலகம் போவதற்கு முன்பும் வந்த பின்பும் வறுத்தார், விடுமுறை நாளில் முழுவதும் வறுத்தார். மற்ற நேரங்களில் குடும்பத்தினர் தாராளமாகப் பேசிக்கொள்ள அனுமதி இருந்தது. அப்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவிக்கு ஒரு பெரிய மருந்துக்கடையின் தொலைபேசிப் பிரிவில் வேலை. வாயில் நுழையாத மருந்துப் பெயர்களை நோயாளிகள் திக்கித் திணறிச் சொல்ல, அதைப் பிசகில்லாமல் காதில் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். பிழைப்பே காதில்தான். ஆரம்ப நாட்களில், கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே, "ஏங்க, வெடிக்குது!" என்று கணவருக்கு முந்திக்கொண்டு குரல் கொடுத்தவர் அவர். அதிகாரிக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். பிறகு அந்தக் குரல் நின்றுபோனது. மனைவிக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அதிகாரி மகிழ்ந்தார்.

ஃபோனை இடது காதில் வைத்துப் பேசுகிற மனைவி வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். அதிகாரி கவனிக்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏதோ கோபம் போலிருக்கிறது என்று அதிகாரி பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, டாக்டர்கிட்ட போயிருந்தேன்."

"உஷ்."

"என் இடது காது..."

"உஷ்! இதோ வெடிக்கப் போகுது. ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

மனைவி வாயை மூடிக்கொண்டார். கொட்டை ஆறும் நேரம் பார்த்து மறுபடி வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலதும் மங்கிக்கொண்டு வருகிறது. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், கூட ஒருத்தர் இருக்க வேண்டுமாம். காது போனால் வேலையும் போய்விடும்.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க. நீங்க கூட வந்தாத் தேவலை."

அதிகாரி கண்ணை மூடியிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் "ம்ம்" என்றார். கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"புரியுது. பரிசீலிக்கலாம்."

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது! தபால்காரரைப் போலவே மனம் குளிர்ந்து எழுந்து போனார்.

இதற்கிடையில் அலுவலகம் தன் கடமையை உணர்ந்து, அதிகாரிக்குச் "செவிச் செம்மல்" என்ற விருதை வழங்க முடிவு செய்தது. மேலதிகாரி ஒரு யோசனை சொன்னார்.

"விருதை உங்க வீட்டுக்கே வந்து குடுத்துடறோம். அப்படியே அந்தக் காப்பியையும் ஒரு கை பார்த்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரியும் அலுவலகத்தாரும் கூடத்தை நிறைத்தார்கள். பித்தளையில் ஒரு காது பதித்த கேடயம் மேஜை மேல் நின்றது. மகள் படமெடுக்க நியமிக்கப்பட்டாள். உள்ளே வறுகலன் சூடேறிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து, "எங்கே நம்ம நாயகன்?" என்று அழைப்பு வந்தது. அதிகாரி துளை போடும் மெஷினை மனைவியின் கையில் திணித்தார்.

"சத்தம் கேட்டதும் அடுப்பை அணைச்சிடு. கேட்காம அணைக்காதே. புகையைப் பார்த்துப் பயந்துடாதே."

"என்னால முடியாதுங்க. நான்தான் அன்னிக்கே சொன்னேனே..."

"பரிசீலிக்கலாம், பரிசீலிக்கலாம்" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே அதிகாரி கூடத்துக்கு விரைந்தார்.

மேலதிகாரி தொண்டையைச் செருமினார்.

"நாமெல்லாம் ஒருத்தர் வாய் திறந்து சொன்னாத்தான் கேட்போம். இவர் அப்படியில்லை. ஒருத்தர் சொல்லாத குறைகூட இவர் காதுல விழுந்துடும்!"

கைதட்டல் எழுந்தது. அதிகாரி அடக்கமாகத் தலையைச் சாய்த்தார். சாய்ந்த தலைக்கு எதிரே, சமையலறைக் கதவிடுக்கிலிருந்து நீலப் புகை வந்தது. பிறகு கறுப்புப் புகை வந்தது. மேலதிகாரி "செவிச்செல்வம்" என்ற சொல்லின் நடுவில் இருமத் தொடங்கினார்.

அதிகாரி உள்ளே ஓடினார். மனைவி வலது காதைக் குக்கரின் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மெஷினைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். கொள்கையிலிருந்து அணுவளவும் பிசகவில்லை. உள்ளே கொட்டை முழுவதும் கரி. அதிகாரி அடுப்பை அணைத்தார், மெஷினின் வயரைப் பிடுங்கினார், ஊரே கேட்கும்படி கத்தினார்.

"இவ்வளவு பேர் வந்திருக்காங்க, மானத்தை வாங்கிட்டியே! உனக்கென்ன காது செவிடா?"

"ஆமா" என்றார் மனைவி.

கூடத்தில் இருமல்கூட நின்றுவிட்டது.

"ஆமாங்க. செவிடுதான். நாளைக்கு ஆபரேஷன்."

அதிகாரி கையிலிருந்த வயரைக் கீழே போட்டார். "இதை ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னாங்கப்பா" என்றாள் மகள் வாசலில் நின்று. "நான் பக்கத்து அறையிலதான் இருந்தேன். எல்லாத்தையும் சொன்னாங்க. நீங்க பரிசீலிக்கலாம்னு சொன்னீங்க."

"அது நம்ம அலுவலக வார்த்தை ஆச்சே" என்றார் மேலதிகாரி, கொஞ்சம் பெருமையாகவே. பிறகு நிலைமையைப் புரிந்துகொண்டு, கேடயத்தைச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு நழுவினார்.

அதிகாரிக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இதை மறைப்பதற்கில்லை. ஒரு முக்காலியை இழுத்து மனைவிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு. இப்பச் சொல்லு. கேட்கிறேன்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, புகை கலையாத அந்தச் சமையலறையில், மெதுவாகச் சொன்னார்.

"வேலை போனாக்கூட சமாளிச்சுக்கலாம். உங்க குரல் கேட்காமப் போனாலும் பரவாயில்லை, 'உஷ்'ஷை உதட்டைப் பார்த்தே தெரிஞ்சுக்குவேன். இவ குரல் கேட்கணும். இவ 'அம்மா'ன்னு கூப்பிட்டு நான் திரும்பிப் பார்க்காம நின்னேன், போன வாரம். இவ முகம் அப்படியே சுருங்கிடுச்சு. அன்னிக்கு ராத்திரி பூரா..."

குக்கருக்குள் இன்னும் சூடு தணியாத ஒரு கொட்டை "டிக்" என்றது.

அதிகாரியின் கண்கள் மூடின. தலை அடுப்பின் பக்கம் சாய்ந்தது. விரல் தானாக உயர்ந்தது.

"உஷ்" என்றார்.

மறுநாள் அம்மாவோடு மருத்துவமனைக்குப் போனது மகள்தான். நல்லவேளையாக நேரத்துக்கு வந்தீர்கள், வலது காதைக் காப்பாற்றிவிடலாம் என்று மருத்துவர் தைரியம் சொன்னார். அந்த வீட்டில் காது கேளாதவர் ஒருவர்தான் என்பது அவருடைய முடிவு. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பரிசோதித்ததும் ஒருவரைத்தான்.