எலுமிச்சம்பழம் ஓட்டிய லெமன் மேடம்

உலகத்தில் எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்ணியிருக்கலாம். கொட்டுகிற மழையில் எலுமிச்சம்பழத்தின் பின்னால் ஓடி ஒரு ஊரையே காப்பாற்றியவர் எங்கள் லெமன் மேடம் ஒருவர்தான். இதில் யாரும் என்னோடு வாதாட வர வேண்டாம்.

என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். கிடுகிடுவென்று வளர்கிற ஊர்களில் மனுஷன் நிம்மதியாக இருக்க என்ன வழி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. திருத்தணியும் வளர்கிற ஊர்தானே. கே.ஜி.கண்டிகைப் பக்கம் நேற்று நெல் விளைந்த இடத்தில் இன்று மனைக்கல் நிற்கிறது. மலையிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத்தான் பழம். தெருவுக்கு ஒரு நிறத்தில் நெயில் பாலிஷ் தடவி மிதக்கவிடுவார். எங்கள் தெருவுக்கு சிவப்பு.

கடையில் போய் முதலில் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். ஒவ்வொரு பழமாகப் போட்டுப் பார்த்து, மிதக்கிறதை மட்டும் பொறுக்குவார்.

"சாறு இருக்குதான்னு பாக்க மாட்டீங்களா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"வேணாங்க. நீச்சல் தெரிஞ்சா போதும்."

அடுத்து என் பாவா. அக்கா புருஷன், தெருச் சங்கத்துத் தலைவர். தெருக்கோடிக் குட்டையை மூடி, ஆடிக் கிருத்திகைக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் பண்ண வேண்டும் என்பது அவர் கனவு. நகராட்சியும் தலையாட்டிவிட்டது. மண் லாரி வரவேண்டியதுதான் பாக்கி. குட்டை போனால் தெருவே முழுகும் என்று மேடம் வரைபடத்தோடு அலைந்தார். பாவா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிகிறீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசியில் ஒரு மழை. விட்டதும் பாவா கதவைத் திறந்தால், வாசப்படியில் சிவப்பு பூசின எலுமிச்சம்பழம். மனுஷன் வெலவெலத்துப் போனார். தனக்கு எத்தனை எதிரிகள் என்று அன்றைக்கு அவரே சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு விஷயம் தெரியும். மூச்சு விடவில்லை. அக்காவைக் கட்டின நாளிலிருந்து என்னை அதட்டுகிற ஆள் ஒரு பழத்துக்கு நடுங்குவதை யார்தான் கெடுப்பார்கள்?

பள்ளிப்பட்டிலிருந்து மந்திரிக்கிறவர் வந்தார். பூசணிக்காய் உடைத்து, "இனிமே ஒண்ணும் அண்டாது" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அடுத்த மழைக்கு மூன்று பழம் வந்து நின்றன.

அதற்கடுத்த மழையில் பாவா ஜன்னலோரம் ஒளிந்து காவல் காத்தார். மழைக்கோட்டோடு மேடம் ஓடிவர, கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. எனக்கா செய்வினை வெக்கிற?"

"பழம் போயிடும் சார். பேசிகினே வாங்க."

எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குள் வெளியூர்க்காரரான மேடத்துக்கும் தொற்றியிருந்தது. பாவா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓட, குடையோடு நான் பாவா பின்னால் ஓடினேன்.

குட்டையில் பார்த்தால் சிவப்பு, நீலம், பச்சை என்று ஊர்ப் பழமெல்லாம் மிதந்துகொண்டிருந்தது.

"எல்லாத் தெருவுதும் இங்கதான் வருதா?" என்றார் பாவா.

"ஆங் சார். மலைத்தண்ணி மொத்தமும் இங்கதான்."

"குட்டைய மூடிட்டா?"

"உங்க வூடுதான் தெருவுலயே தாழ்வு. மொதல்ல அங்கதான் வரும்."

தண்ணீர்க் கணக்கு பாவாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஊர் எலுமிச்சம்பழம் முழுக்கத் தன் வாசலில் வந்து நிற்கும் காட்சி நன்றாகப் புரிந்தது.

மறுநாள் நகராட்சியைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். "குட்டையில கை வெச்சீங்கன்னா நான் அதுலயே எறங்கி நிப்பேன்" என்றார். குட்டையை மூடச் சொல்லி மனு கொடுத்ததே அவர்தான் என்பதால், அதிகாரி குழம்பிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். மண் லாரி வரவில்லை. தூர் வாரி, கரையில் நடைபாதை போட்டு, புங்கமரம் வைத்தார்கள்.

போன வருஷப் பெருமழையில் அக்கம்பக்கத்து நகர்களில் கட்டில் மிதந்தது. எங்களுக்கு வாசப்படி நனைந்ததோடு சரி. இப்போது பெரிய பெரிய ஊர்களிலிருந்து வந்து எங்கள் குட்டையைப் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. விளக்கம் சொல்வது பாவாதான். வரைபடத்தை இன்னும் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்.

மேடம் வேறொரு ஊருக்குத் தண்ணீர் வழி பார்க்கப் போய்விட்டார். மழை பிடித்தால் பாவா என் அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து ஒரு பழத்துக்குத் தடவி, தெருவில் விட்டு, குட்டை வரை பின்னாலேயே போய் போன் போடுகிறார்.

"பழம் குட்டைக்கு வந்துடுச்சி மேடம். அங்கயும் மழையா? நனையாம இருங்க. சாப்டீங்களா?"

நானும் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று பக்கத்திலேயே குடை பிடித்து நிற்பேன். மழை விட்டாலும் போனைத் தர மாட்டார்.