கழிவரசி விஜயராணி

மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான், பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதையும் காணாமல் பொழுதைப் போக்கிவிட்டு, கடைசியில் தாராவியின் ஒரு சந்துமுனையில் ‘மின்னமுதம்’ கண்டான். மூன்றில் எது பெரிது என்று கேட்பவர்களுக்கு, நெருப்புக்கும் சக்கரத்துக்கும் திறப்புவிழா நடக்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டலாம்.

திட்டம் எளிமையானது. அழுகிய சோற்றையும் காய்கறித் தோலையும் கரைத்துக் கண்ணாடித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் இருக்கும். அவற்றுக்குக் கம்பி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டினால், குப்பையைத் தின்றுவிட்டுத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய அமிலங்களைக் கக்கும். இது உண்மையான விஞ்ஞானம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுவதும் விஜயராணியின் வீட்டில் இருந்தது.

அவள் வீட்டில் குப்பை இல்லை.

விஜயராணி இட்லி அவித்துக் கொடுப்பாள். அவள் கணவன் பூதத்தான் அதைத் தலையில் சுமந்து, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே சயான் வரைக்கும் விற்றுவருவான். மிஞ்சிய இட்லி உப்புமா ஆகும். புளித்த மாவு ஊத்தப்பம் ஆகும். கழுநீர் பக்கத்துச் சந்து ரஷீதாவின் ஆட்டுக்குப் போகும். திட்ட அதிகாரி வெங்கடேஷ் திலக் நகரிலிருந்து கணக்கெடுக்க வந்து, தினமும் எவ்வளவு வீணாகிறது என்று ஆவலோடு கேட்டபோது, அவள் சற்றும் கூசாமல் சொன்னாள்:

“ஒண்ணும் வீணாப் போவாது சார். அரிசியக் கொட்டுனா வெளங்குமா?”

‘விழிப்புணர்வு போதாது’ என்று வெங்கடேஷ் மனவேதனையுடன் குறித்துக்கொண்டார்.

ஆனாலும் மின்னமுதம் பின்வாங்கவில்லை. சந்துமுனையில் பிள்ளைகள் டியூஷன் படித்துவந்த அறையில் தொட்டி வந்து இறங்கியது. கூடவே பெரிய ஏசிகளும், நுண்ணுயிர்கள் நெளிவதைக் காட்டும் சுவரளவு திரையும் இறங்கின. நுண்ணுயிர்களுக்கு வெக்கைதான் பிடிக்கும். ஏசி, அவற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு. தொட்டி குடித்த கரண்ட் சொற்பம். தொட்டியைப் பாராட்டுவதற்குத்தான் சந்தின் மொத்தக் கரண்டும் தேவைப்பட்டது.

விடிவதற்குள் மாவு புளிக்க வேண்டுமே என்று மத்தியானம் விஜயராணி கிரைண்டரைப் போட்டால் உறுமும், கல் சுற்றாது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் கருகும் வாசனை வரும். அவள் பதறி அணைப்பாள். ஊறிய அரிசியும் உளுந்தும் பம்பாய் வெக்கையில் நுரை தள்ளி நாறும். மின்சார அலுவலகத்தில் முறையிட்டாள். ‘லோடு ஜாஸ்தி’ என்பதை அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. நாளைக்காவது ஓடும் என்று நம்பி மறுபடியும் ஊறப்போட்டாள். நாளைக்கும் ஓடவில்லை.

கடைசியில் வெங்கடேஷிடமே போனாள்.

“சார், மத்தியானத்துக்கு மட்டும் அந்த ஏசிய அமத்தி வைங்க. நான் மாவு ஆட்டி எடுத்துக்கிடுதேன்.”

“மத்தியானம்தானே மேடம் விசிட்டர்ஸ் வரா. அதோட மைக்ரோப்ஸ் எல்லாம் எங்களுக்குக் குழந்தைங்க மாதிரி. தவிக்க விட முடியுமோ?”

“எம் பிள்ளையளும் எனக்குப் பிள்ளைய மாதிரிதான் சார்.”

வெங்கடேஷ் நகைச்சுவையை ரசிக்கத் தெரிந்தவர். நன்றாகச் சிரித்தார். விஷயத்தைப் ‘பங்குதாரர் கூட்டத்தில்’ வைப்பதாக வாக்களித்தார். கூட்டமும் நடந்தது; அவளைக் கூப்பிடவில்லை. விஜயராணியின் ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

ஒருநாள் அவள் கெட்டுப்போன அரிசியைப் பழைய பேப்பரால் மூடி, யார் கண்ணிலும் படாமல் சாக்கடைப் பக்கம் கொண்டுபோனாள். அரிசியைக் கொட்டுவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். எதிரே வந்த வெங்கடேஷ் பேப்பரை விலக்கிப் பார்த்தார். முகர்ந்தார். அவர் கண்கள் பனித்தன.

“இதைத்தான் மேடம் இத்தனை நாளாத் தேடிண்டிருந்தோம்.”

அன்றே அவள் வாசலில் நீல டிரம் வைக்கப்பட்டது. சுழற்சிப் பொருளாதாரம் சுழலத் தொடங்கியது. அவளிடமிருந்து கரண்ட் தொட்டி அறைக்குப் போகும்; கரண்ட் இல்லாமல் அழுகிய அரிசியும் தொட்டிக்குப் போகும். அந்த வட்டத்தில் அவளுக்குத் திரும்பிவருகிற பகுதி எதுவும் இல்லை. ஆனால் சுவரில் ஒட்டிய படத்தில் வட்டம் மிக வட்டமாக இருந்தது.

இதற்கிடையில் பூதத்தானின் வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கப் பழகிவிட்டார்கள். அவன் ஹாரனைப் பரணில் போட்டுவிட்டுச் செம்பூரில் ஒரு ஹோட்டலுக்குத் தட்டுக் கழுவப் போனான். விடிகாலையில் பழக்கத்தில் எழுந்து பரணைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வான். அதுதான் விஜயராணியை அறுத்தது.

அப்போதுதான் அவளுக்கு விருது அறிவிக்கப்பட்டது.

மாட்டுங்காவில் ஒரு அரங்கம். முன்வரிசையில் நிதி கொடுக்கும் வெளிநாட்டு விருந்தினர்கள். வெங்கடேஷ் அறிக்கை வாசித்தார். திட்டத்துக்கு முன் இந்தக் குடும்பத்தின் கழிவு உற்பத்தி பூஜ்யம். இன்றோ டிரம் நிரம்பி வழிகிறது. இத்தகைய வளர்ச்சியை உலகில் வேறெங்கும் காண முடியாது என்றார். பிறகு ‘கழிவரசி’ பட்டம் பொறித்த கேடயத்தை அவள் கையில் கொடுத்தார்கள். அவளைத் தமிழில்தான் பேச வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில்தான் ‘மண்வாசனை’ இருக்குமாம்.

விஜயராணி மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தின் கடைசியில், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்ற பூதத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எங்க வீட்ல குப்பைன்னு ஒண்ணு இருந்ததே இல்ல. நீங்க வந்த பொறவுதான் எங்க சோறு குப்பையாப் போச்சு.”

வெங்கடேஷ் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: “நீங்கள் வருவதற்கு முன் எங்களிடம் ஒன்றுமே இல்லை என்கிறார்.”

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். அவள் மைக்கை மறுபடியும் வாங்கி, அதையே இந்தியில் சொன்னாள். “கச்ரா ஹமாரா நஹீ தா. கச்ரா ஆப் லோக்னே பனாயா.” குப்பை எங்களுடையதல்ல, நீங்கள் உண்டாக்கியது. டீ கொண்டுவந்த பையன்களும் விளக்குப் போடுகிறவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்வரிசை மட்டும் விடாமல் கைதட்டியது. மொழிபெயர்ப்புக்குக் காத்திருப்பதை அது நிறுத்தியிருந்தது.

விஜயராணி கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். அவள் படியில் கால் வைக்கும்போது, ஒரு விருந்தினர் நெகிழ்ச்சியோடு வெங்கடேஷின் கையைப் பற்றி, அடுத்து எந்தச் சந்து என்று விசாரித்தார். தையல் மெஷின்கள் ஓடும் ரஷீதாவின் சந்தைத் தேர்ந்தெடுத்திருப்பதாக வெங்கடேஷ் சொன்னார்.

“அங்கே நிறையக் குப்பை இருக்கிறதா?”

“இன்னும் இல்லை,” என்றார் வெங்கடேஷ். “கரண்ட் இருக்கிறது.”