ஒல்லாந்துப் பிரபுவைப் பாயாக ஏற்றிய நாள்

நேரம் தவறாதவன் என்ற பெயருக்காக ஒரு பிரபுவையே காற்றில் பறக்கவிட்டவன் நான். (மிகையல்ல. அளந்துதான் சொல்கிறேன்.)

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் நான் எழுத்தராகச் சேர்ந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. ஏரியின் அக்கரையில் இருந்த ராஜாவின் அரண்மனைக்கு எங்கள் துரை ஓர் ஓவியத்தைப் பரிசாக அனுப்பினார். ஆளுயரத் துணியில், கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்ட மடிப்புகளோடு ஓர் ஒல்லாந்துப் பிரபு.

“உச்சிப்பொழுதுக்குள் சேர்க்காவிட்டால் உனக்கு வேலை இல்லை” என்றார் துரை.

நடு ஏரியில் பாய் கிழிந்தது. பக்கத்து ஊரான தோணிரேவைச் சேர்ந்த படகோட்டி எல்லப்பன் கோலைக் கையில் எடுத்தார். “கோல் ஊனிப் போனா சாயங்காலம் ஆவும்.”

நான் ஓவியச் சுருளைப் பார்த்தேன்.

“இன்னா நைனா! அது ராசாவுக்குப் போற படம்பா!”

“காத்து பின்பக்கம்தானே படப்போவுது?” என்றேன். (என் தர்க்கத்தில் அன்றும் பிசிறு கிடையாது.)

நான்கு மூலையிலும் துளையிட்டுக் கயிறு கோத்தோம். பிரபு எழுந்தார். வயிறு உப்பியது, கன்னம் உப்பியது. எதிரே வந்த வலைக்காரர்கள் கூவினார்கள்.

“யோவ் எல்லப்பா, பாயில யாருய்யா மொறைக்கிறது?”

“உன் மாமனாரு! வழி விடுய்யா!”

உச்சிக்கு அரை நாழிகை முன்பே அரண்மனையில் இருந்தேன். சித்திரக்கூடத்து அதிகாரி பொல்லாதவர். எந்தச் சீன ஜாடி எந்தப் பட்டாபிஷேகத்துக்கு வந்தது, தந்தப் பல்லக்கு எந்த ராணியின் சீதனம், சுவரில் தொங்கும் ஏழு ராஜாக்களை யார் தீட்டியது, எல்லாவற்றையும் ஏட்டில் வைத்திருந்தார். பிரபுவின் வரலாற்றை எழுத எழுத்தாணியை எடுத்தவர் நிறுத்தினார்.

“மூலையில இந்தத் துளைங்க எதுக்கு?”

என் வேலை கண்முன்னே மூழ்கிக்கொண்டிருந்தது. “உயர்ந்த குலத்தவங்க படத்துக்கு மட்டும் ஒல்லாந்துல துளை போடுவாங்க” என்றேன்.

அவர் முகம் இறுகியது. “அப்போ எங்க ராஜாக்கள் தாழ்த்தியா?”

தச்சருக்கு ஆள் போயிற்று. என் எதிரிலேயே ஏழு ராஜாக்களுக்கும் மூலைக்கொரு துளை விழுந்தது. தடுக்க வேண்டிய நான் எண்ணிக்கொண்டிருந்தேன். (என் கணக்கிலும் பிசிறு கிடையாது.)

மறுமாதம் துரையே அரண்மனைக்கு விருந்துக்குப் போனார். அவர் நாட்டு வழக்கத்தை அதிகாரி அவருக்கே விளக்கியிருக்கிறார்! திரும்பி வந்த துரை என்னைக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலை பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து என் பணி கிராம்புக் கிடங்கில்தான். கோட்டை வாசலைத் தாண்டி எதையும் என்னிடம் கொடுத்தனுப்புவதில்லை.

எங்கள் துளை நான்கு, அவர்களுடையது இருபத்தெட்டு, ஆக முப்பத்திரண்டு. இதை நாட்குறிப்பில் எழுதி வைத்தது என் அடுத்த தவறு. மனைவி படித்துவிட்டாள். மீன் வாங்க மறந்துவிட்டு நான் காரணம் சொல்லத் தொண்டையைச் செருமினாலே போதும்.

“இன்னாங்க, முப்பத்து மூணாவது துளையா?”