ஆஜர் நைனாவின் வருகைப் பதிவேடு

வக்கீல்கள் நீதிபதிக்குத்தான் பயப்படுவார்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் கோர்ட்டுக்கு வந்து பார்த்ததில்லை. அங்கே முப்பது வருஷம் கறுப்புக் கோட்டு போட்டவன் நான். வடசென்னையில் வக்கீல்கள் அத்தனை பேரும் பயந்த ஒரே மனிதர், லுங்கியும் வெள்ளைச் சட்டையுமாக, கக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு வராந்தாத் தூணோரம் நின்ற ஆஜர் நைனாதான்.

ராயபுரத்துக் கடலோரக் குப்பத்துக்காரர். விடியலில் படகு கரைக்கு வரும். மீனை ஏலத்துக்குப் போட்டுவிட்டு நேரே கோர்ட்டுக்கு வந்துவிடுவார். வராந்தாவில் மீன் வாசனை வந்தால் மணி பத்து என்று அர்த்தம். சுவர்க் கடிகாரம் பல வருஷமாக ஓடவில்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பதிவேட்டில் எங்கள் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தவர் குப்பத்து செல்போன் கடைக்காரர். நைனாவுக்குத் தன் கையெழுத்தைத் தவிர வேறு எழுத்து தெரியாது. அதனால் எந்த வரி யாருடையது என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டு, வருகையைப் படமாகப் போடுவார். வக்கீல் வந்து கேஸை நடத்தினால் ஒரு மீன். வந்து வாய்தா கேட்டால் ஒரு நண்டு. பணம் வாங்கிக்கொண்டு வராமலே போனால் மீன்முள்.

"நண்டு ஏன் நைனா?" என்று ஒரு புது வக்கீல் கேட்டார்.

"வந்தாரு. ஆனா முன்னால போவல. சைடுல நடந்தாரு."

இந்த நண்டைக் கண்டு பெரிய பெரிய வக்கீல்கள் நடுங்கினார்கள். ஏனென்றால் பதிவேட்டை அவர் ஒளித்து வைப்பதில்லை. எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் விரித்துக் காட்டுவார். ஒரு சீனியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒருநாள் அவர் தோளில் கை போட்டுக் கெஞ்சியதை நானே பார்த்தேன்.

"நைனா, இந்த வாரம் பூரா நண்டாப் போட்டுவெச்சிருக்கியே. நாளைக்குப் பெரிய பார்ட்டி வர்றாங்க. ஒண்ணு ரெண்ட மீனா மாத்திக் குடேன்."

"நண்டு எப்டி சார் மீனாவும்? கொயம்பு வெச்சா ருசியாத்தான் கீது. மீனாவாது."

கட்சிக்காரர்களையும் அவர் விடமாட்டார். எவராவது பெஞ்சில் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்க் குந்துவார். "இன்னா கேஸு? எவ்ளோ குட்த்த? சீட்டு வாங்கினியா? வாங்கலியா? பேஜாரு புட்ச்ச ஆளா கீறியே, கெளம்பு, போய்க் கேளு." ரசீது கேட்கும் வழக்கம் எங்கள் கோர்ட்டில் அப்படித்தான் பரவியது.

செலவுக் கணக்கில் 'டைப்பிங், ஸ்டாம்ப், இதர' என்று எழுதுவது எங்கள் தொழில் மரபு. நைனாவுக்கு அந்த 'இதர' பிடிபடவே இல்லை. பிடிபடாத மாதிரி நடித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. "யாரு சார் இந்த இதர? எல்லாக் கேஸ்லயும் துட்டு வாங்கறான். ஒரு நாளு ஆளக் காணோம்!" கடைசியில் 'இதர' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லி, தினமும் அதற்கு நேராக ஒரு மீன்முள் போட்டுவந்தார்.

ஒரு கட்டத்தில் வக்கீல்கள் கூடி, இந்த ஆளை வளாகத்துக்குள் விடக்கூடாது என்று போலீஸில் புகார் கொடுக்க முடிவு செய்தார்கள். எழுதிக் கொண்டுபோகும் பொறுப்பு ஒருவரிடம் தரப்பட்டது. சொன்ன தேதிக்கு மற்ற எல்லாரும் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். அவர் மட்டும் வரவில்லை. எதிர்ப்புறம் டீக்கடையில் நின்ற நைனா நிதானமாகப் பதிவேட்டைத் திறந்து, அவர் பெயருக்கு நேராக ஒரு முள் வரைந்தார். "உங்க கேஸுக்கே இப்டியா சார்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அதோடு அந்தப் புகார் செத்துப்போனது.

இத்தனை பேரை ஓட ஓட விரட்டிய மனிதர் ஒரு வக்கீலை மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. என்னை. "நம்ம சார் பாவம், வுட்டுடு" என்பார். மற்றவர்களுக்கு அது பெரிய பொறாமை.

அவரை அந்தத் தூணோரம் கொண்டுவந்து நிறுத்தியவனே நான்தான். இதை எழுதுவது அதைச் சொல்வதற்காகத்தான்.

நைனாவின் மனைவி அஞ்சலையம்மா மீன் கூடையைத் தலையில் வைத்து எண்ணூர் சாலையைக் கடந்தபோது ஒரு கன்டெய்னர் லாரி மோதியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நஷ்டஈட்டுக் கேஸ் போட வண்ணாரப்பேட்டையில், ஒரு நைட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த என் ஆபீஸுக்கு வந்தார்கள். நாங்கள் தெற்கேயிருந்து வந்து மொத்த வியாபாரம் செய்த குடும்பம்; அதில் படித்த ஒரே ஆள் நான். வியாபாரம் ரத்தத்தில் இருந்தது. கிடைப்பதில் கால் பங்கு எனக்கு என்று பேசினேன். அப்படிப் பேசுவது சட்டப்படி தவறு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நைனா தலையாட்டினார். "படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அத்த மாறிதான சார்? செரி. ஆனா எங்காண்ட ஒண்ணு கீது. கடலுக்கு வராதவனுக்குப் பங்கு இல்ல."

"நான் வராம யாரு வருவா?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அலைய வேண்டாம். தொழிலப் பாருங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

விசாரணைக்கு வைத்த நாளன்று மாதவரத்தில் என் பெரிய கட்சிக்காரர் ஒருவர் புதுக் கிடங்கு திறந்தார். நான் ரோஜா மாலையோடு அங்கே போனேன். கோர்ட்டில் அஞ்சலையம்மாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் இலையில் இரண்டாவது தடவையாகப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். மனுதாரர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று கேஸ் தள்ளுபடியானது.

முப்பது நாளுக்குள் ஒரு மனு போட்டிருந்தால் கேஸ் உயிர்த்திருக்கும். இன்று போடலாம், நாளை போடலாம் என்று விட்டேன். அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகு பொய் சுலபமாக வந்தது. நைனா மாடியேறி வந்து, "இன்னா ஆச்சு சார்?" என்று கேட்கும்போதெல்லாம் "வாய்தா போட்டிருக்காங்க" என்றேன். வெறுங்கையோடு அவர் வந்ததே இல்லை. வஞ்சிரம், சங்கரா, சில நாள் இறால். இரண்டு வருஷம் ஒரு செத்த கேஸுக்கு நான் மீன் தின்றேன்.

செல்போன் கடைக்காரர்தான் கேஸ் எண்ணைப் போட்டுப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "நைனா, இது முட்ஞ்சி ரெண்டு வர்சமாச்சு." அன்று அவர் மீன் இல்லாமல் வந்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்காராமல் தரையில் குந்தினார்.

"டபாய்க்காம சொல்லு சார். அன்னிக்கி நீ எங்க இருந்த?"

ஒரு நொடிதான் யோசித்தேன். "ஜுரம், நைனா. எழுந்திருக்க முடியல. அப்புறம் உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

அவர் முகம் மாறியது. இத்தனை நாள் தானே தப்பு செய்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். "சீக்கா? மின்னாடியே சொல்றதுக்கு இன்னா சார்? படகுல ஒர்த்தன் சீக்குல வுயுந்துட்டா அவன் பங்கு அவன் வூட்டுக்குப் போவும். அதான் எங்க நாயம். சீக்குன்னா அது வேற." மறுநாள் என் வீட்டுக்கு ஒரு தூக்கில் சுறாப்புட்டு வந்தது. சீக்கில் கிடந்தவன் உடம்பு தேற, அஞ்சலையம்மா ஒற்றைக் காலில் நின்று செய்தது.

கேஸை மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட்டேன். இரண்டு வருஷத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலுக்கு ஜுரம், கட்சிக்காரர் கடலில், விவரம் தெரியவில்லை என்று எழுதினேன். நீதிபதி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நாள் ஜுரம் இரண்டு வருஷமா அடிக்கும்? வக்கீல் பேரில் தப்பு இருந்தால் அதையாவது சொல்லுங்கள். அதற்காகக் கட்சிக்காரரைத் தண்டிக்க மாட்டேன்."

கேஸ் பிழைக்க ஒரு கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். 'ஆமாம், என் தப்புதான்' என்ற மூன்று சொல் போதும். அஞ்சலையம்மாவுக்குச் செயற்கைக் கால் வந்திருக்கும். உட்கார்ந்து வியாபாரம் செய்ய ஒரு கடை வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. மனு தள்ளுபடியானது. பின்வரிசையில் நின்ற நைனா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடு சார். சீக்குக்கு நீ இன்னா பண்ணுவ?"

அதற்கு அடுத்த வாரம்தான் பதிவேடு வாங்கினார். "சீக்குல கெடந்தவன வுட்டுடலாம். சீக்கே இல்லாம வராதவன் எத்தினி பேரு கீறான்னு பாக்கணும் சார்" என்று என்னிடமே சொன்னார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்.

போன மழைக்காலத்தில், கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூலக்கொத்தளத்தில் அடக்கம். பத்து மணி என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு எங்கள் கோர்ட்டு வக்கீல்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். வாய்தா கேட்டவர் ஒருவருமில்லை. நண்டை மீனாக்கச் சொல்லிக் கெஞ்சிய அந்த சீனியர்தான் முதலில் அழுதார்.

சில நாள் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். அஞ்சலையம்மா பதிவேட்டை எடுத்து என் முன் வைத்தார். முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கேஸ் தள்ளுபடியான தேதி இருந்தது. அதற்கு நேராக மீன் இல்லை, நண்டு இல்லை, முள்ளும் இல்லை. வேறெந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு படம்: ஒரு பாய், பக்கத்தில் ஒரு கஞ்சிச் சட்டி.

"இது இன்னா குறி சார்? எனுக்குப் புரில" என்றார் அஞ்சலையம்மா.

"சீக்குல கெடந்தவன் குறிம்மா" என்றேன். பிறகு கிடங்கு, ரோஜா மாலை, பாயசம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது வயதில் முதல் தடவையாக எதையும் குறைக்காமல் சொன்னேன்.

அந்தம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். "உன்னப் பத்தித் தப்பாப் பேசுனவங்களோட அவரு சட்டையப் புட்ச்சிச் சண்ட போட்டாரு, தெரிமா?" என்றார். பிறகு, "இப்ப இன்னாத்துக்கு வந்து சொல்ற?" என்றார்.

"நான் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா மேல்கோர்ட்டுல கேஸ மறுபடி எடுக்க வழி இருக்கும்மா. ஆனா நான் நடத்தக் கூடாது. வேற நல்ல வக்கீலாப் பாத்து..."

"நல்ல வக்கீலா?" அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "யாரு பேர்ல மீனு ரொம்ப கீதுன்னு எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். கோர்ட்டில் யாரும் கவனிக்காத, சத்தமாகப் பேசத் தெரியாத ஒரு பெண் வக்கீல். அவர் வரி முழுக்க மீன். அவரிடமே கேஸைக் கொடுத்தோம். என் வாக்குமூலத்தின் முதல் வரி: 'அன்று எனக்கு ஜுரம் இல்லை.' இதற்காக என் வக்கீல் பட்டயத்தைப் பறிக்கலாம். பறிக்கட்டும். கேஸ் பிழைக்குமா என்பது இன்னும் தெரியாது. தாமதம் இப்போது இன்னும் கூடிவிட்டது.

முதல் வாய்தாவுக்கு அஞ்சலையம்மா ஒயர் கூடையில் பதிவேட்டை வைத்து எடுத்து வந்திருந்தார். "அவருதான் இல்ல. புக்காவது வரட்டும்." பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தேன். பேனாவை எடுத்து அந்தப் பாயையும் கஞ்சிச் சட்டியையும் அடிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த அடிக்காத சார். அவரு கையால போட்டது. உன்து எதுவோ, பக்கத்துல போடு."

பக்கத்தில் ஒரு மீன்முள் வரைந்தேன். பழக்கமில்லாத கைக்கு அது சீப்பு மாதிரி வந்தது. அவர் வரைந்த சட்டியில் கஞ்சி ஆவி பறக்க இரண்டு கோடு போட்டிருக்கிறார். அதை அப்போதுதான் பார்த்தேன்.