மேட்டை நிரவிய பெட்டி

ஒரு சனிக்கிழமை காலை சரியாகப் பத்து நாற்பதுக்கு நான் கெடுக்க ஆரம்பித்தேன். பத்து முப்பத்தொன்பது வரை என் மகளின் படிப்பு பத்திரமாகத்தான் இருந்தது.

இது நடந்தது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பேட்டர்ன் மாஸ்டர். கம்ப்யூட்டரில் கழுத்தும் கைவளைவும் வரைவது வேலை. மகள் நித்யா கோவையில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருடம். அவளுடைய புராஜெக்ட் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. பெட்டி என்ன அளவில் இருந்தால் சத்தம் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டிருந்தாள். பிள்ளை எதைத்தான் இப்படிப் பார்க்கிறாள் என்ற பயத்தில் (எனக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை), எனக்கும் கற்றுக்கொடு என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெட்டிக்கு எதுக்குக் கண்ணு லிட்டர்? பாலா ஊத்தப் போறோம்?"

"உள்ள இருக்கற காத்தோட அளவும்மா. பன்னண்டு லிட்டர். அதை மாத்துனா, சத்தத்தைக் காட்டற இந்தக் கோடு மாறும்."

இரண்டே பாடம். தேறிவிட்டதாக எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். "அளவைப் பிரிண்ட் எடுத்து ஆசாரிகிட்டக் குடுத்துரும்மா. திங்கக்கிழமை பெட்டியைக் காட்டலீன்னா மார்க்கே கிடையாது. வேற எதையும் தொட்றாத!"

தொடக் கூடாதென்றுதான் திறந்தேன். திரையில் அந்தக் கோடு. அதில் ஒரு மேடு! கைவளைவில் இப்படி மேடு விழுந்தால் பனியன் அக்குளில் புடைத்து நிற்கும், மொத்தச் சரக்கும் திரும்பி வரும். இருபது வருடம் மேடு நிரவியே சோறு தின்றவள் நான். பாவம், பிள்ளை கவனிக்கவில்லை.

பன்னிரண்டை இருபதாக்கினேன். மேடு கொஞ்சம் அமுங்கியது. ஐம்பது. நூறு. இருநூறில் கோடு வழுவழுவென்று இறங்கியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. துவைத்தால் சுருங்குமே என்று பழக்கதோஷத்தில் இன்னும் பத்து சேர்த்தேன். (மரப்பெட்டியை யார் துவைப்பார்கள்?) நீள அகல உயரத்தை சாஃப்ட்வேரே போட்டுக் கொடுத்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜே நூற்று அறுபத்தைந்து லிட்டர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராயபுரத்து ஆசாரி கம்பெனிகளுக்குத் துணி வெட்டும் ஆள் நீளக் கட்டிங் டேபிள் செய்பவர். அவர் கண்ணுக்கு எதுவுமே பெரிசில்லை.

"ஏனுங்க்கா, இதுக்குள்ள என்னங்க வெப்பீங்க?"

"சத்தமுங்க."

"சரீங்க," என்று பிரிண்டை மடித்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு டெம்போவில் பெட்டி வந்தது. இரண்டு பேர் இறக்கினார்கள். பெட்டியைக் கொண்டுபோக வந்திருந்த நித்யா கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"மேடு இருக்கறது எனக்குத் தெரியும்மா. பஸ்ல பெட்டியை மடியில வெச்சுட்டுப் போகோணும்னுதான் அதை விட்டு வெச்சேன்."

அழவில்லை. ஸ்பீக்கரை எடுத்துப் பொருத்தினாள். பெரிய முகத்தில் சின்னப் பொட்டு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அதே டெம்போவில் அவள் காலேஜுக்கு நானும் போனேன். புரொபசர் வருவதற்குள் லேபில் எனக்கு மூன்று முறை வியர்த்துக் கொட்டியது. வந்ததும் நான்தான் முந்திக்கொண்டேன். "தப்பு என்னுதுங்க சார். புள்ளையப் பெயிலாக்கிப் போடாதீங்க!"

அவர் நித்யாவைப் பார்த்தார். "எதுக்கும்மா இத்தனை பெரிசு?"

அவள் என்னை முறைத்தபடியே விளக்கினாள்: பன்னிரண்டு லிட்டரில் மேடு ஏன் வரும், எங்கே மறையும், இருநூற்றுப் பத்து ஏன் யாருக்கும் தேவையில்லை. என் மேல் இருந்த கோபம் முழுவதும் தெளிவான பதிலாக வந்தது. பிறகு ஒரு பாட்டைப் போட்டாள். அவர் கேட்டுவிட்டு நோட்டில் எதையோ எழுதினார்.

இன்று அந்தப் பெட்டியில் எங்கள் வீட்டுப் போர்வைகள் இருக்கின்றன. போர்வை எடுக்கப் போகிற எவரும், மருமகன் உட்பட, முதலில் அதைத் தட்டி, அன்று புரொபசர் சொன்னதைச் சொல்லாமல் திறப்பதில்லை.

அன்று நோட்டை மூடிவிட்டு அவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மார்க் போட்டாச்சும்மா. உள்ள குடியிருக்கறவங்களை வெளிய வரச் சொல்லுங்க."