மாமாவை முன்மொழியப் போன நான்

தேர்தலில் தோற்பதற்குக்கூட முதலில் வேட்பாளராக வேண்டும். என் மாமாவை அந்த அளவுக்குக்கூடப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தவன் நான். (எதிர்க்கட்சிக்காரர்களுக்கே தோன்றாத யோசனை.)

மாமா என்றால் அக்காவின் கணவர். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டுகிறார். மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் குடியிருந்தவர்களுக்கு வீட்டுமனை கேட்டு அலைந்து, வெறுத்துப்போய், சுயேச்சையாக நிற்கத் துணிந்தார்.

"நிலம் மாநிலத்து விசயம் மாமா. ஈப்போ சட்டமன்றத்துல ஐம்பத்தொம்போது நாற்காலி இருக்கு. ஒண்ணப் புடிங்க" என்று ஏற்றிவிட்டவன் நான். முன்மொழிகிறவனும் நானே என்றேன்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் ஒரு பெரிய கட்சியின் கிளை மகளிர் தலைவி. மாமா தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

வேட்புமனு நாள். மண்டபத்துக்குள் மாமா, நான், வழிமொழிய வந்த அவருடைய நண்பர். பத்து மணியோடு மனு வாங்குவது முடிந்துவிடும். அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"சாலா கவாசான், என்சிக்" என்றார் மலாயில்.

தொகுதி தப்பாம்! நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குள் சட்டமன்றத் தொகுதிகள் இரண்டு. எங்கள் வீடுகளுக்கு நடுவே ஓடும் சாலைதான் எல்லை. முன்மொழிபவர் அதே சட்டமன்றத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும் என்றார். (ஓட்டுப் போடும்போது இரண்டு சீட்டு ஏன் தருகிறார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.)

"சட்டமெல்லாம் தெரியும்னு சொன்னியே மச்சான்?" என்றார் மாமா.

அதிகாரி புதுத்தாள் தந்தார். ஆள்தான் இல்லை. வெளியே ஓடினேன். அந்தத் தொகுதியில் ஓட்டுள்ள லயத்து ஆட்கள் வந்த வேன் ஊர்வல நெரிசலில் எங்கேயோ நின்றது. "நகர முடியல அண்ணே" என்றார்கள் தொலைபேசியில். தடுப்புவேலிக்கு அப்பால் ஒரே கொடியும் கூச்சலும். முன்வரிசையில், கட்சிச் சட்டை போட்டு, மாமாவின் போட்டியாளருக்குத் தொண்டை கிழிய வாழ்க சொல்லிக்கொண்டிருந்தாள் அக்கா.

மாமா வீட்டு முகவரி. மாமாவின் தொகுதி.

"அக்கா, உள்ள வா! மாமாவை முன்மொழியணும்!"

கோஷம் நின்றது.

"உனக்குப் பைத்தியமா?"

"எனக்கு இந்தத் தொகுதியில ஓட்டு இல்லக்கா. இன்னும் பத்து நிமிசத்துல மூடிருவாங்க."

சுற்றியிருந்த பெண்கள் அவளையே பார்த்தார்கள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அந்த மனுசன் என்ன பண்றாரு?"

"தலையப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு."

அக்கா கொடியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். "சட்டையக் கழட்டு லா."

கட்சிச் சட்டைக்கு மேல் என் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். மூன்று கட்சி ஊர்வலங்களுக்கு நடுவே நான் பனியனோடு நின்றேன். யாரோ படம் எடுத்தார்கள். மனு ஏற்கப்பட்டதா என்று தெரியாமல் நின்ற அந்த நேரத்தில் கூச்சப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். "கையெழுத்து மட்டுந்தான். ஓட்டு கிடையாது" என்றாள் அக்கா. மாமா அழுதுகொண்டே சிரித்தார்.

மாமா தோற்றார், டெபாசிட்டும் போனது. கட்சி விளக்கம் கேட்டதும் அக்கா பதவியை விட்டாள். ஆனால் அந்தப் பிரச்சாரத்தில் மற்ற வேட்பாளர்களும் லயத்துக்கு வந்து மனையைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. அக்கா யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று கேட்க மாமாவுக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

என்னிடம் மட்டும் அவருடைய துணிச்சலுக்குக் குறைவில்லை. எந்தக் கல்யாணப் பந்தியில் நான் உட்காரப் போனாலும், "மச்சான், இந்த வரிசையில உனக்கு ஓட்டு இருக்கா?" என்று சத்தமாகக் கேட்பார்.

நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.